வண்டி வந்தது, கடிதம் எங்கே?

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே கெலிஓயா என்னும் சிறு பட்டினம் அமைந்திருக்கிறது. மகாவலி கங்கை அயலிலே ஓடுகிறது. கடைத்தெரு ஒன்று, புகையிரத நிலையம் ஒன்று, தபாற் கந்தோர் ஒன்று. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்யும் சந்தடி. பஸ்ஸிலே போகிறவர்கள் இவ்வூரைச் சில நிமிடங்களிற் கடந்துவிடுவர். ஆயினும், ஒரு கடிதம் இந்நாட்டில் எவ்வாறு பிரயாணஞ் செய்கிறது என்பதை அறிய விரும்புகிறவர் நின்று பார்க்கத் தக்க இடம் இது. கொழும்பிலிருந்து வரும் சாலையும் இருப்புப் பாதையும் பேராதனையிற் கிளை பிரிந்து, இவ்வூர் வழியாகவே மலைநாட்டின் உட்பகுதிக்கு ஏறுகின்றன. இதற்கப்பால் இருமருங்கிலும் மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள்.

சிவப்பு நிறந் தீட்டிய தபால் வண்டி இச்சாலையில் வருவதை நம்மில் அநேகர் கண்டிருப்போம். கண்டவுடன் மறந்தும் இருப்போம். கடிதம் என்றால் நமக்கு நினைவுக்கு வருகிறவர் தபாற்காரர் ஒருவரே. அவருக்குப் பின்னால் ஒரு சாரதி இருக்கிறார். அச்சாரதிக்குப் பின்னால் ஓட்டக் கணக்கு எழுதும் ஒரு எழுதுவினைஞர் இருக்கிறார். அவருக்குப் பின்னால் பிரதேச தபால் அத்தியட்சகர், அவருக்கும் மேலே கொழும்பு டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தலைமையகத்தில் தபால் மா அதிபர். இத்தனை பேரும் சேர்ந்து இழுக்கும் தேர் அது. அந்தத் தேரின் நிருவாகத்தைப் பற்றியும், அது வந்து நிற்கும் இடத்திலிருந்து கடிதத்துக்கு உரியவரின் வாசல் வரையுள்ள தூரத்தைப் பற்றியும் இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

தமிழிலே தூது என்றொரு பிரபந்த வகை உண்டு. அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்துப் பொருள்களைத் தூதாக விடலாம் என்று இலக்கணம் வகுத்தார்கள். இப்பத்தில் எதற்கும் விலாசம் எழுதிக் கொடுத்ததாக நாம் படித்ததில்லை. போகவேண்டிய இடத்தைத் தூது தானே அறிந்திருந்தது. ஆனால் அரசாங்கத்தின் தூதுவனுக்கு அந்த ஞானம் இல்லை. அவன் அறிந்திருப்பதெல்லாம் உறையின் மேல் எழுதியிருக்கும் நாலு வரிகளே. ஆதலின் தபாற் சேவையின் உயிர் வண்டியிலா, விலாசத்திலா என்று கேட்டால், இரண்டிலும் என்றே சொல்லவேண்டும். வண்டியைப் பற்றி நாம் நிறையக் கவலைப்பட்டிருக்கிறோம். விலாசத்தைப் பற்றிக் கவலைப்பட்டது சொற்பம்.

முதலில் வண்டியின் கதையைக் கேட்போம். இந்தப் பிரதேசத்துக்குத் தபால் முதலில் ஓட்டக்காரரின் தோளிலே வந்தது. பின்னர் எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியின் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. 1832ஆம் ஆண்டில் அவ்வீதியிலே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாக் கண்டத்திலேயே முதலாவது தபால் வண்டி அதுவே என்று சொல்லப்படுகிறது. கடுகண்ணாவைக் கணவாயை ஏறி, பேராதனையை அடைந்து, மகாவலியைக் கடந்து அது கண்டிக்குப் போயிற்று. வீதியை வகுத்த கப்டன் டோசனின் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. அதைப் பார்ப்பவர், அவ்வழியே மூச்சிரைக்க ஏறிய குதிரைகளையும் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

குதிரையின் காலம் நெடிதாக இருக்கவில்லை. 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. 1874இல் பேராதனையிலிருந்து கிளைவிட்ட இருப்புப் பாதை கம்பளை வழியாக நாவலப்பிட்டிக்குச் சென்றது. கெலிஓயா நிலையம் அப்பாதையிலே அமைந்தது. 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை என்று பாதை வளர வளரத் தபாலும் அதனோடு மலையேறிற்று. இரவு நேர மெயில் வண்டிகளிலே, ஓடுகின்ற பெட்டிக்குள் நின்றபடியே ஊழியர் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் ஏற்பாடும் இருந்தது. ஊர் உறங்கும் நேரத்தில் ஆடிக் குலுங்கும் பெட்டிக்குள் விழித்திருந்து, மங்கிய வெளிச்சத்தில் பிறருடைய கையெழுத்துக்களைப் படித்து வகைசெய்த அம்மனிதருக்கு நம் முன்னோர் எத்துணை கடன்பட்டவர்கள்! புகையிரதம் போகாத இடங்களுக்குப் பஸ் வண்டிகள் தபாற் பைகளைச் சுமந்தன. திணைக்களத்தின் சொந்த மோட்டார் வண்டிகள் படிப்படியாகப் பெருகின.

இதற்கிடையில் கடிதத்தின் கூலியும் சீர்பெற்றது. இங்கிலாந்திலே ரோலண்ட் ஹில் என்பவரின் யோசனைப்படி 1840இல் ஒரு பென்னி முத்திரை வெளிவந்தது. தூரம் எவ்வளவாயினும் நிறைக்கேற்ற ஒரே கட்டணம் என்பது அதன் தத்துவம். இலங்கையின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் தேதி வெளியாயிற்று. கபில நிறம், ஆறு பென்ஸ், விக்டோரியா மகாராணியின் தலை. 1908ஆம் ஆண்டின் தபாற் கந்தோர் கட்டளைச் சட்டம் சேவைக்குச் சட்ட உருக் கொடுத்தது. தந்தியும் தொலைபேசியும் தபாலுடன் ஒரே குடையின் கீழ் இருந்தன. 1980இல் தொலைத்தொடர்பு தனித் திணைக்களமாகப் பிரிந்து சென்றது. இன்று நாடு முழுவதிலும் 650க்கு மேற்பட்ட தபாலகங்களும் 3,000க்கு மேற்பட்ட உப தபாலகங்களும் உள்ளன.

இவ்வளவு பெரிய ஏற்பாடு மலைநாட்டில் யாருக்காக முதலில் எழுந்தது என்று கேட்பது தகும். 1823–24ஆம் ஆண்டுகளில், கெலிஓயாவுக்கு அப்பால் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் போட்டார். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். தோட்டத்து விளைபொருள் கொழும்புக்கு இறங்கவும், கொழும்பினதும் லண்டனினதும் கட்டளைகள் தோட்டத்துக்கு ஏறவும் வீதியும் இருப்புப் பாதையும் தபாலும் வேண்டியிருந்தன. வேலை செய்யத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் கடிதத்தை எதிர்பார்த்தவர்களே. ஆனால் அவர்களுக்கென்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. தோட்டத்தின் தபால் அனைத்தும் ஒரே பையில் வந்தது.

அந்தப் பையைப் பற்றி இன்றைய இளைஞர் அறிந்திருக்கமாட்டார்கள். தோட்டத்துத் தபாலுக்கென ஓர் ஆள் உண்டு. தபாற் கூலி என்றே அவருக்குப் பெயர். தினந்தோறும் மலையிறங்கித் தபாற் கந்தோருக்கு வந்து, பூட்டிய பையைப் பெற்றுக்கொண்டு மீண்டும் மலையேறுவார். பூட்டுக்குத் திறவுகோல் இரண்டு. ஒன்று தபாற் கந்தோரில் இருக்கும். மற்றது தோட்டத்து ஆபீசில் இருக்கும். பையைச் சுமந்தவரிடமும் திறவுகோல் இல்லை. லயத்திலே கடிதத்துக்காகக் காத்திருந்தவரிடமும் இல்லை. துரையின் கடிதங்கள் துரையின் மேசைக்குப் போகும். தொழிலாளரின் கடிதங்கள் பெரட்டுக் களத்திலோ கங்காணியின் கையிலோ கொடுபட்டு, கைமாறிக் கைமாறி ஒருநாள் உரியவரை அடையும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மறுபடியும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆபீசின் பெயர்ப்பலகை இரண்டு முறை மாறிற்று. தொழிலாளரின் கடிதம் ஆபீசுக்கே போய்ச் சேரும் வழக்கமோ பல தோட்டங்களில் மாறவில்லை.

இன்று ஒரு கடிதம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இடப்பட்ட கடிதம் திகதி முத்திரை குத்தப்பட்டு, வகை பிரிக்கப்பட்டு, கட்டாகக் கட்டப்பட்டுப் பையில் இடப்படுகிறது. பையின் வாய் கட்டப்பட்டு முத்திரையிடப்படுகிறது. எங்கிருந்து எங்கே என்னும் சீட்டு அதில் தொங்குகிறது. கொழும்பிலுள்ள மத்திய தபால் பரிமாற்றகம் பெரிய சந்திப்பு. அங்கிருந்து கண்டித் திசைக்குரிய பைகள் புறப்படுகின்றன. கொடுத்தவர் எத்தனை பை கொடுத்தார், சாரதி எத்தனை பை ஏற்றார், பெற்றவர் எத்தனை பை பெற்றார் என்பது ஒவ்வோரிடத்திலும் பதிவாகிறது. நாற்பது கடிதம் இருக்கும் பைக்கும் நாலே கடிதம் இருக்கும் பைக்கும் வண்டி எரிக்கும் எண்ணெய் ஒன்றுதான். ஒரே ஒரு கடிதம் இருந்தாலும் அது போயே ஆகவேண்டும். வியாபாரிக்கும் அரசாங்கத் தபாலுக்கும் உள்ள பேதம் அதுவே.

வண்டிகளின் நிருவாகத்தை எடுத்துக்கொண்டால், அரசாங்கத்தின் விதிகள் நுணுக்கமானவை. நிதிப் பிரமாணங்களின்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பதிவுப் புத்தகம் வைக்கப்படவேண்டும். நாள்தோறும் ஓட்டக் குறிப்பு எழுதப்படவேண்டும். ஓட்டக் குறிப்புக்களும் மாதாந்தச் சுருக்கமும் அடுத்த மாதம் 15ஆந் தேதிக்கு முன்னர் கணக்காய்வாளர் தலைமையதிபதிக்கு அனுப்பப்படவேண்டும் என்று 1646ஆம் பிரமாணம் விதிக்கிறது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆந் தேதி வெளியான 30/2016ஆம் இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை மேலும் ஒரு படி செல்கிறது. பன்னிரண்டு மாதம் கழிந்ததும், அல்லது 25,000 கிலோமீற்றர் ஓடியதும், அல்லது எஞ்சினிற் பெரிய திருத்தம் செய்ததும், இம்மூன்றில் எது முந்துகிறதோ அப்போது, வாகனம் எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று மீண்டும் சோதிக்கவேண்டும். விபத்து நேர்ந்தால் 104ஆம் பிரமாணத்தின்படி ஏழு நாளுக்குள் ஆரம்ப அறிக்கை. மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கை.

இவை வீண் சம்பிரதாயங்கள் அல்ல. எண்ணெய் பொதுமக்களின் பணம். ஓட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதும் சாரதி, தம் நேர்மைக்குத் தாமே சாட்சி எழுதுகிறார். 2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தின்போது லீற்றர் ஒன்றின் அருமையை நாமெல்லோரும் வரிசையில் நின்று கற்றோம். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சாதாரண உள்நாட்டுக் கடிதத்தின் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவுகளும் வெள்ளமும் மலைநாட்டு வீதிகளையும் இருப்புப் பாதையையும் அறுத்தெறிந்தன. கண்டி மாவட்டம் மிகக் கொடுமையாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. பாதை அறுந்தால் பை காத்திருக்கவேண்டியதே. ஆதலின் வண்டிக்கும் எண்ணெய்க்கும் சாலைக்கும் செலுத்தப்படும் கவனத்தை யாரும் குறைகூறார்.

ஆனால் ஒன்றை மட்டும் சிந்தித்துப் பாருங்கள். வண்டி ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கணக்கு இருக்கிறது. குடித்த ஒவ்வொரு லீற்றருக்கும் கணக்கு இருக்கிறது. பை கைமாறிய ஒவ்வோரிடத்துக்கும் கையொப்பம் இருக்கிறது. கடைசியாக, தோட்டத்தின் தபால் மொத்தமாக ஆபீசிலே ஒப்படைக்கப்பட்ட பிறகு, மேல் கணக்கிலே பத்துக் காம்பிரா லயத்தின் ஆறாவது காம்பிராவில் இருக்கும் பெண்ணின் கையில் அவள் கடிதம் எந்த நாள் போய்ச் சேர்ந்தது என்பதற்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? திணைக்களத்தின் கணக்கில் அக்கடிதம் விநியோகிக்கப்பட்டுவிட்டது. அவள் கணக்கில் அது இன்னும் வரவில்லை.

பதிவுத் தபாலுக்குக் கையொப்பம் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். அந்தக் கையொப்பம் உரியவரின் கையொப்பமாக இருந்தால் எல்லாம் நலமே. தோட்டத்து ஆபீசின் கையொப்பத்தோடு அது முடிந்துவிடுமாயின், கூடுதலாகக் கட்டிய கட்டணம் கடிதத்தை ஆபீஸ் வாசல் வரை மட்டுமே காத்தது என்றே கொள்ளவேண்டும்.

ஒரு கடிதம் தாமதித்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று பட்டினத்தில் இருப்பவர் நினைக்கலாம். அவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது; மின்னஞ்சல் இருக்கிறது; ஒரு கடிதம் தவறினால் வேறொரு வழி இருக்கிறது. மலையகத்தின் வரலாறோ கடிதங்களால் எழுதப்பட்ட வரலாறு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் முடிவாயிற்று. விண்ணப்பம் போனதும் கடிதமாக. விசாரணைக்கு அழைத்ததும் கடிதமாக. அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகப் பிரிந்த பின்னர் ஒருவரையொருவர் கண்டதும் கடிதத்தில். ஒரு கடிதம் லயத்துக்கு வந்து சேர்ந்ததா இல்லையா என்பதிலே ஒரு குடும்பம் எந்த நாட்டிலே வாழும் என்பது தங்கியிருந்த காலம் அது. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலை நீங்க வழி செய்தது. விலாசமற்ற நிலை நீங்கவில்லை.

இன்றைய கடிதங்களும் இலேசானவை அல்ல. கல்வியியற் கல்லூரிக்கு நேர்முகப் பரீட்சை, அரசாங்க வேலைக்கு எழுத்துப் பரீட்சையின் அனுமதிச் சீட்டு, ஆஸ்பத்திரிக் கிளினிக்குத் திகதி, ஊழியர் சேமலாப நிதியின் பதில், நீதிமன்ற அழைப்பாணை. பன்னிரண்டாந் தேதி நேர்முகப் பரீட்சைக்கு வரும்படி அழைக்கும் கடிதம் பதினைந்தாந் தேதி கையிற் கிடைத்தால் அதனால் ஆவதென்ன? இத்தகைய முறைப்பாடு தோட்டப் பகுதிகளிலே நெடுங்காலமாய்க் கேட்கிறது. கொழுந்து பறித்து மகளைப் படிக்கவைத்த தாய்க்கு, அந்த மூன்று நாள் மூன்று தலைமுறையாக நீள்கிறது. பரீட்சையில் தவறியிருந்தால் விதியை நொந்துகொள்ளலாம். தகுதியிருந்தும் உறை மேசையில் கிடந்ததால் இழந்ததை யாரிடம் சொல்லி ஆறுவது?

இதற்காகச் சாரதியையோ தபாற்காரரையோ திட்டுவது நியாயமாகாது. விநியோகம் செய்பவரிடம் உள்ளது உறை ஒன்று. அதிலே பெயர் இருக்கிறது, தோட்டத்தின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அத்தோட்டத்திலே ஆயிரம் பேர் இருக்கக்கூடும். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் ஒன்றாகவே இருக்கும் கிருஷ்ணன்மார் மூவர் இருக்கக்கூடும். லயத்துக்கு இலக்கம் இல்லை; பாதைக்குப் பெயர் இல்லை. அவர் என்ன செய்வார்? தோட்டத்து ஆபீசில் இருப்பவருக்கும் அது மேலதிகச் சுமையே. கடிதம் பகிர்வதற்காக அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யாருமில்லை. ஆளுக்கு ஆள் குற்றமில்லாமல், மொத்தத்தில் ஒரு பெருங் குற்றம் நடைபெறுகிறது. இத்தகைய குற்றங்களைத் தீர்ப்பதற்கென்றே நிருவாகம் என்பது ஏற்பட்டிருக்கிறது.

திணைக்களத்தால் முடியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. 2020ஆம் ஆண்டு, கொரோனா நோயின் ஊரடங்கு நாட்களில், அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் மருந்து பெறுவோரின் வீடுகளுக்கு அம்மருந்துகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை இதே தபால் ஊழியர் ஏற்றனர். எல்லோரும் கதவடைத்து உள்ளே இருந்தபோது அவர்கள் வெளியே நடந்தார்கள். நீரிழிவுக்காரருக்கும் இருதய நோயாளிக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது. 2024இல் செப்டெம்பரிலும் நவம்பரிலும் நடந்த இரு தேர்தல்களுக்கும் உத்தியோகபூர்வ வாக்காளர் அட்டைகளை நாடெங்கும் சுமந்து சென்றவர்களும் அவர்களே. இந்தச் சேனைக்கு வாசலைத் தேடிப் போகத் தெரியும். போகவேண்டும் என்று கட்டளையும், போவதற்கு விலாசமும் இருந்தாற் போதும்.

2025 ஆகஸ்டு மாதத்திலே ஏறத்தாழ ஒரு வாரம் தபால் ஊழியரின் வேலைநிறுத்தம் நடந்தது. மேலதிக நேரக் கொடுப்பனவும், வரவைப் பதியும் விரல் அடையாள இயந்திரமும் பிணக்கில் முக்கிய இடம் பெற்றன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே முற்படவில்லை. ஊழியர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதைப் பற்றி இரு தரப்பாரும் ஊக்கத்தோடு வாதித்தார்கள். கடிதம் எத்தனை மணிக்குப் போயிற்று என்பதற்கும் யாராவது அதே ஊக்கத்தோடு வாதித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இனி, விலாசம் எங்கிருந்து வரும்? வீதிக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் இடுவது உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள்ளே பிரதேச சபை பணஞ் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவர்களுடைய பாதைக்கு ஒரு விளக்குக் கம்பம் நாட்டவும் தயங்கிற்று. 2018ஆம் ஆண்டிலே அச்சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் தடை நீங்கிற்று. தோட்டங்களில் இந்திய அரசின் உதவியுடன் 4,000 தனி வீடுகளுக்கான திட்டம் ஏற்பட்டது. 2017 மே மாதம் நோர்வுட்டிலே பாரதப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனி வீடு பெற்றவர் சுவரும் கூரையும் பெற்றதோடு நின்றுவிடலாகாது. கதவிலே ஓர் இலக்கமும் பெறவேண்டும்.

இலக்கமிடுவது பெருஞ் செலவுடைய காரியமா? இல்லை. லயத்தின் சுவரில் ஒரு பலகை. காம்பிராவின் கதவில் ஓர் எண். பாதை பிரியும் இடத்தில் ஒரு பெயர். அவற்றைப் பதிந்த பட்டியலின் ஒரு பிரதி பிரதேச சபைக்கு, ஒரு பிரதி தபாலகத்துக்கு, ஒரு பிரதி கிராம உத்தியோகத்தருக்கு. ஒரு வண்டி ஒரு வருடம் எரிக்கும் எண்ணெயின் விலையை நினைத்தால் இச்செலவு அற்பமானது. வண்டி மலையேற முடியாத இடங்களில், லயத் தொகுதிக்கு அருகே இலக்கமிட்டுப் பூட்டிய கடிதப் பெட்டிகளை நிறுவி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு திறவுகோல் கொடுக்கலாம். அன்றைக்குப் பையின் திறவுகோல் இரண்டே இருந்ததால் விளைந்த குறையை இன்று அவ்வகையிலே தீர்க்கலாம். மேலும், தோட்டத்து ஆபீசில் ஒப்படைக்கப்படும் கடிதம் ஒவ்வொன்றும் உரியவரை அடைந்த திகதியைக் குறிக்க ஒரு சிறு பதிவேடு வைக்கலாம். வண்டிக்கு ஓட்டக் குறிப்பு இருப்பதுபோல் கடிதத்துக்கும் ஓர் ஓட்டக் குறிப்பு.

உலகத்தார் இதனை அற்ப விஷயமாகக் கருதவில்லை. 1874இல் பேர்ன் நகரில் தொடங்கிய சர்வதேச தபாற் சங்கம், எல்லோருக்கும் ஒரு விலாசம் என்னும் நோக்கத்தோடு ஒரு முயற்சியை நடத்தியிருக்கிறது. விலாசம் இல்லாதவருக்கு வங்கியில் கணக்குத் திறப்பதும், கடன் பெறுவதும், ஆபத்தில் உதவி அழைப்பதும் கஷ்டம் என்று அது எடுத்துக்காட்டுகிறது. பாரத நாட்டிலே 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆந் தேதி ஆறு இலக்கத் தபாற் குறியீடு நடைமுறைக்கு வந்தது. பல மொழிகளிலும் பல கையெழுத்துக்களிலும் தடுமாறிய கடிதங்களுக்கு எண்கள் வழிகாட்டின. நம் நாட்டிலும் ஐந்து இலக்கக் குறியீடு இருக்கிறது: கொழும்பு கோட்டைக்கு 00100, கண்டிக்கு 20000, பேராதனைக்கு 20400. எண்ணுக்குச் சிங்களம், தமிழ் என்ற பேதம் இல்லை. தமிழிலே விலாசம் எழுதுவது நம் உரிமை; அதனோடு தபாற் குறியீட்டையும் எழுதினால், பிரிப்பவர் எம்மொழியினராயினும் கடிதம் வழி தவறாது.

நம்முடைய பங்குக்கு நாம் செய்யக்கூடியவையும் சில உண்டு. தோட்டத்துக்கு எழுதுகிறவர்கள் தோட்டத்தின் பெயரோடு நிறுத்திவிடாமல், எந்தக் கணக்கு, எந்த லயம், எத்தனையாவது காம்பிரா என்பனவற்றையும் எழுதவேண்டும். பெயரைச் சுருக்காமல், தகப்பன் பெயரோடு முழுமையாக எழுதவேண்டும். பின்புறத்தில் அனுப்புகிறவரின் விலாசம் இருந்தால், சேராத கடிதம் திரும்பியாவது வரும். விண்ணப்பம் அனுப்பும் பிள்ளைகள், கொடுத்த நாளைக் குறித்து வைத்து, பதில் வரவேண்டிய காலத்தில் தபாலகத்திற் சென்று விசாரிக்கத் தயங்கலாகாது. தேர்தற் காலத்தில் வாக்காளர் அட்டை வராவிட்டால் தபாலகத்துக்குச் சென்று அடையாளங் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். அட்டை கிடையாவிட்டாலும் பெயர் இடாப்பில் இருந்தால் வாக்குரிமை போய்விடாது. கடிதம் தாமதித்து வந்தால் உறையை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். அதிலுள்ள திகதி முத்திரைதான் முறையீட்டுக்குச் சாட்சி. முறையீட்டை எழுத்திலே பிரதேச தபால் அத்தியட்சகருக்கு அனுப்புங்கள். வாயாற் சொன்னது காற்றோடு போகும். எழுதியதற்குக் கோவை திறக்கப்படும்.

தோட்டத்து இளைஞர் மன்றங்களும் மாதர் சங்கங்களும் மனம் வைத்தால், ஒரு வார இறுதியிலேயே தங்கள் லயங்களைக் கணக்கெடுத்து, இலக்கப் பட்டியல் ஒன்று தயாரித்து, பிரதேச சபை அங்கத்தவரின் கையில் கொடுத்துவிடலாம். சபை கூடித் தீர்மானிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை நமக்குப் பழகிப்போனதே. ஆனால் தீர்மானிப்பதற்குரிய தாளை முன்வைப்பதற்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தமிழிலே விலாசத்துக்கு முகவரி என்றொரு பெயர் வழங்குகிறது. முகத்தை எழுதிக் காட்டும் வரி என்று அதனை வைத்துக்கொண்டால், இருநூறு ஆண்டுகளாக இம்மலைகளிலே உழைத்துவரும் ஒரு மக்கட் கூட்டத்தின் முகம் இன்னும் தோட்டத்தின் பெயருக்குள் மறைந்து கிடக்கிறது. கொழும்பிலிருந்து கெலிஓயா வரையும், அதற்கப்பாலும், சிவப்பு வண்டி தன் கடமையைச் செய்துகொண்டே வருகிறது. அது நிற்கும் இடத்திலிருந்து லயத்து வாசல் வரையுள்ள அரை மைல்தான் இனிக் கடக்கப்படவேண்டிய தூரம். திணைக்களமும் பிரதேச சபையும் தோட்ட நிருவாகமும் ஒரே மேசையில் அமர்ந்து அந்த அரை மைலுக்கு யார் பொறுப்பு என்று எழுத்திலே தீர்மானித்துவிட்டால், அடுத்த நேர்முகப் பரீட்சைக் கடிதமாவது உரிய நாளிலே உரிய கையிற் சேரும்.